கட்டப்பட்டிருப்பவரின் பெயர்



இந்த வாரத் தியானத்துக்கு எரேமியா 32ஆம் அதிகாரத்தின் முதல் பதினைந்து வசனங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கூடுமானால் வேதத்தைத் திறந்து அதை முதலில் வாசித்துவிடுங்கள். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியாவோ தன் சொந்த நாட்டு அரசனாகிய சிதேக்கியாவினாலேயே காவற்சாலையின் முற்றத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார். உறவினனாகிய அனாமெயேல் அங்கே அவரைத் தேடி வந்து, ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதப்படுகிறது, முத்திரை போடப்படுகிறது, சாட்சிகள் கையொப்பமிடுகிறார்கள். பாருக்கு அந்தப் பத்திரத்தை வாங்கி, நெடுங்காலம் கெடாதபடி ஒரு மண்பாண்டத்தில் வைக்கிறான்.

இப்பகுதியை நாம் பெரும்பாலும் நம்பிக்கையைக் குறித்த பாடமாகவே கேட்டிருக்கிறோம். அது சரியான பாடம். ஆனால் அண்மை மாதங்களில் இதை வாசிக்கும்போது என் கண் வேறொரு செய்தியில் நிற்கிறது. பத்திரத்தில் கையொப்பமிட்டவர் ஒரு கைதி. காவற்சாலையின் முற்றத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை யூதருக்கும் முன்பாக, வாங்குபவர் என்ற இடத்தில் அவருடைய பெயர் எழுதப்பட்டது. அடைபட்டிருப்பவன் கையெழுத்து செல்லாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் பெரும்பாலும் அப்படித்தான். சிறையில் இருப்பவர் தம் நிலத்தை விற்கலாம், உயில் எழுதலாம், வழக்குத் தொடுக்கலாம், தேர்வு எழுதலாம். தேர்தலில் வேட்பாளராகக்கூட நிற்கலாம். ஆனால் வாக்களிக்க முடியாது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, 5ஆம் உட்பிரிவு அதைத் தடுக்கிறது. தண்டனை பெற்று உள்ளே இருப்பவர், விசாரணை முடியாமல் உள்ளே இருப்பவர், காவல் நிலையத்தின் காவலில் இருப்பவர் என்று எந்த வேறுபாடும் அதில் இல்லை. சிறைத்தண்டனையோடு தீவாந்தர தண்டனையையும் அந்த உட்பிரிவு இன்றைக்கும் குறிப்பிடுகிறது. அந்தமானுக்குக் கப்பலேற்றி அனுப்பும் அந்தத் தண்டனை 1955இலேயே நம் தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. சொல் மட்டும் அங்கேயே கிடக்கிறது. அதைத் திரும்ப எடுத்துப் பார்க்க யாருக்கும் அவசரமில்லை என்பதற்கு அதுவே அடையாளம் என்று நினைக்கிறேன்.

தேர்தல் நெருங்கும் காலத்தில் போதகர் ஏன் அரசியல் பேசுகிறார் என்று சிலருக்குத் தோன்றலாம். யாருக்கு வாக்களியுங்கள் என்று இப்பக்கத்தில் நான் ஒருபோதும் எழுதியதில்லை, இனியும் எழுதமாட்டேன். காவலில் இருக்கிறவர்களோடு நாமும் கட்டுண்டவர்கள் போல அவர்களை நினைக்கும்படி எபிரெயர் நிருபத்தின் கடைசி அதிகாரம் நமக்குக் கட்டளையிடுகிறது. நினைப்பது என்றால் என்ன என்பதைத்தான் இங்கே பேசுகிறேன்.

எண்ணிக்கையைப் பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொல்கிறது. தேர்தல் நாளிலோ அவர் குற்றவாளியோடு ஒரே வரிசையில் வைக்கப்படுகிறார்.

இதில் இன்னும் கூர்மையான ஒரு முள் இருக்கிறது. தடை சிறைக்குள் இருக்கும் உடலுக்கே அன்றி, குற்றத்துக்கு அல்ல. கொடிய குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவரே ஆனாலும், மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீனில் வெளியே வந்துவிட்டால், வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்ளலாம். சிறு திருட்டு வழக்கில் பிடிபட்டு, ஜாமீன் உத்தரவு கிடைத்தும், பிணையம் நிற்க ஆளில்லாமல் உள்ளேயே கிடக்கும் கூலித்தொழிலாளி வாக்களிக்க முடியாது. இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு பணம். யாக்கோபு தம் நிருபத்தில் பொன்மோதிரக்காரனையும் கந்தை உடுத்திய ஏழையையும் குறித்து எழுதியதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நீதிமன்றம் இதைப் பார்க்கவில்லையா? பார்த்தது. 1997இல் அனுகூல் சந்திர பிரதான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. கைதிகளை வாக்களிக்கச் செய்யப் பெரும் காவல் படையும் ஏற்பாடுகளும் தேவைப்படும் என்பது ஒரு காரணம். தம் நடத்தையினால் சிறைக்குச் சென்றவர், வெளியே இருப்பவருக்குரிய அதே சுதந்திரத்தைக் கேட்க முடியாது என்பது இன்னொன்று. குற்றப் பின்னணி உடையவர்களைத் தேர்தல் களத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. சட்ட மாணவர்கள் தொடுத்த வழக்கை 2020இல் டெல்லி உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2025 அக்டோபரில் விசாரணைக் கைதிகளுக்காக ஒரு பொதுநல மனு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்து, மத்திய அரசும் தேர்தல் ஆணையமும் பதில் சொல்லும்படி நோட்டீஸ் அனுப்பப்பட்டிருக்கிறது. நான் சட்டம் கற்றவன் அல்லன். ஆயினும் மூன்றாவது காரணம் எனக்கு விளங்கவில்லை. 2013 ஜூலை 10 அன்று, வாக்களிக்க முடியாதவர் போட்டியிடவும் முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, உள்ளே இருப்பவர் வேட்பாளராகலாம் என்று வழிசெய்துகொண்டது. 2024இல் பாரமுல்லாவிலும் கதூர் சாகிப்பிலும் வென்றவர்கள் சிறையிலிருந்தே வென்றார்கள். 1977இல் முசாபர்பூரில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் வென்றதும் சிறையிலிருந்தே. (இளமையில் அவர் பெங்களூரில் குருமடத்துக்குப் படிக்கச் சென்று பாதியில் வெளியேறியவர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திராது.) இலட்சம் பேரின் வாக்கைக் கேட்கும் உரிமை உள்ளே இருப்பவருக்கு உண்டு, தன் ஒரு வாக்கை இடும் உரிமை இல்லை என்பது என்ன கணக்கு?

இந்தப் பொருளைச் சென்ற மாதம் வேதபாட வகுப்பில் எடுத்தபோது, நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் எழுந்தார். அவருடைய தம்பி பல ஆண்டுகளுக்கு முன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தவர். “ஐயா, என் தம்பியைக் கொன்னவன் ஓட்டுப் போடணும்னு நீங்க சொல்றீங்க. என் தம்பி ஓட்டு எங்கே? பட்டியல்லேருந்து அவன் பேரை எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தவன் நான்தானே” என்றார். வகுப்பு அமைதியாகிவிட்டது.

அவருக்கு அங்கேயே பதில் சொல்லிவிட நான் முயலவில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கும் விண்ணப்பம் ஒரு பக்கத் தாள். ஆனால் உடன்பிறந்தவனுடைய பெயருக்காக அதை நிரப்பும் கைக்கு அது எத்தனை பாரம் என்பதை அவர் ஒருவரே அறிவார். சிறையில் இருப்பவரைக் குறித்து இரக்கத்தோடு பேசுகிறவர்கள், அவருடைய கையால் இரத்தம் சிந்தினவர்களின் வீட்டில் முதலில் போய் உட்கார வேண்டும். இது நான் அவருக்குப் பின்னர் தனியாகச் சொன்னதின் முதல் பகுதி. இரண்டாவது பகுதி இது: தண்டனை என்ன என்பதை நீதிபதி எழுதுகிறார், இத்தனை ஆண்டு சிறை, இவ்வளவு அபராதம் என்று. வாக்குரிமை போயிற்று என்று எந்தத் தீர்ப்பிலும் நீதிபதி எழுதுவதில்லை. அது அளந்து கொடுக்கப்பட்ட தண்டனை அல்ல. கதவு மூடும்போது தானாக விழும் ஒன்று. கொலைக்குத் தண்டனை பெற்றவரின் வாக்கைக் குறித்து விசுவாசிகள் இருவேறு கருத்து கொண்டிருக்க இடமுண்டு. நான் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறேன், அவர் மறுபக்கம். தீர்ப்பே வராதவரின் வாக்கைக் குறித்து இரண்டு கருத்துக்கு இடமில்லை என்றுதான் எண்ணுகிறேன். “அது வேற கதை ஐயா, அதை நானும் ஒத்துக்கிறேன்” என்றார் அவர். எங்கள் உரையாடல் இன்னும் முடியவில்லை.

குற்றம் சாட்டப்பட்டு அடைக்கப்படுகிறவர் எல்லாரும் குற்றவாளிகள் அல்லர் என்பதை மறக்க நம் பகுதிச் சபைகளுக்கு நியாயமே இல்லை. இங்கிருந்து வடக்கே சிறிது தொலைவில் இருக்கிற தரங்கம்பாடியில், 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரை டேனிஷ் அதிகாரி 1708இன் இறுதியில் பிடித்து நான்கு மாதம் அடைத்து வைத்தார். அந்தச் சிறைவாசத்தைத் தாண்டி வந்தவரின் கையிலிருந்துதான் தமிழ்ப் புதிய ஏற்பாடு நமக்குக் கிடைத்தது.

நம் காரைக்காலுக்கு இந்தக் காரியத்தில் தனியாக ஒரு கண்ணாடி உண்டு. 1954 நவம்பர் 1 வரை இது பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த ஊர். பாரிஸுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்ப இவ்வூரார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாக்களித்தார்கள். அந்தத் தேர்தல்களில் நடந்த தில்லுமுல்லுகளும் பேர்போனவை. இன்றும் நம் தெருக்களில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ‘சொல்தா’ என்று நாம் அழைக்கும் பிரெஞ்சுப் படை ஓய்வூதியரின் குடும்பங்கள், பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலிலேயே வாக்களிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்டில் 1994 முதல், சிறைத்தண்டனை பெற்றவுடன் வாக்குரிமை தானாகப் போய்விடுவதில்லை. அதைப் பறிக்க வேண்டுமானால் நீதிபதி தனியாக உத்தரவிட வேண்டும். 2019இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் கைதிகள் சிறையில் இருந்தபடியே அஞ்சல் வழியாக வாக்களிக்க வழிசெய்தார்கள். தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றமும் 1999இல் கைதிகளின் வாக்குரிமையை உறுதி செய்தது. ஏற்பாடு செய்வது கடினம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகள். ஒரு வீட்டு மகன் பிரான்சில் சிறையில் இருந்தால் அவனிடம் வாக்குச்சீட்டு போகும். மறுவீட்டு மகன் இங்கே கிளைச்சிறையில் இருந்தால் போகாது.

சட்டம் மாறுமட்டும் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா என்றால், உண்டு. இதைத்தான் இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, தடுப்புக் காவலில் இருப்பவர்கள். 62ஆம் பிரிவின் தடை அவர்களுக்குப் பொருந்தாது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, புதுச்சேரியின் 2008ஆம் ஆண்டு சமூகவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்திலோ, தேசியப் பாதுகாப்புச் சட்டத்திலோ அடைக்கப்பட்டவர் தபால் வாக்கு அளிக்கலாம். விசாரணை இல்லாமல் அடைக்கப்படுவது என்னவென்று விடுதலைப் போராட்டத்தில் அனுபவித்தவர்கள் எழுதிய சட்டம் ஆகையால் இந்த விலக்கு வந்திருக்கக்கூடும் என்பது என் எண்ணம். விதிகளின்படி, தேர்தல் அறிவிக்கப்பட்ட 15 நாட்களுக்குள் அப்படிப்பட்ட வாக்காளர்களின் பெயர்களை அரசு தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அதே 15 நாட்களுக்குள் அடைபட்டவர் தாமே தம் பெயர், முகவரி, பட்டியல் எண், அடைக்கப்பட்டிருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி, தபாலில் வாக்களிக்க விரும்புவதாக அனுப்பவும் செய்யலாம். வாக்குச்சீட்டோடு வரும் உறுதிமொழியில் சிறைக் கண்காணிப்பாளரே சான்றொப்பமிடலாம்.

எழுத்தில் இது எளிது. நம் ஊரின் நிலையை எண்ணிப் பாருங்கள். காரைக்காலைச் சுற்றிக் கடலும் தமிழ்நாடும். வாஞ்சூர் சோதனைச் சாவடியைத் தாண்டினால் வேறு அரசு, வேறு காவல் துறை. மதுப்புட்டிகளோடு எல்லை தாண்டிப் பிடிபடும் இளைஞன் மேல் அங்கே வழக்குகள் சேர்ந்து, அவன் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தால், ஓராண்டு வரை அவன் தமிழ்நாட்டுச் சிறையில் இருப்பான். அவனுடைய வாக்கோ திருநள்ளாறிலோ நெடுங்காட்டிலோ நிரவி–திருமலைராயன்பட்டினத்திலோ இருக்கிறது. அடைத்த அரசு ஒன்று, தேர்தல் நடத்தும் அலுவலர் இருப்பது வேறோர் ஆட்சிப்பகுதியில். பதினைந்து நாட்களுக்குள் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு காகிதம் பயணம் செய்ய வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் நினைவூட்டாவிட்டால் அது புறப்படுவதே அரிது. அந்தப் பட்டியல் எண்ணை ஒரு தாளில் எழுதி, நேர்காணல் நாளில் உள்ளே இருப்பவரிடம் சேர்ப்பது நம்மால் முடியாத காரியமா?

இரண்டாவது, பட்டியலில் உள்ள பெயர். இது தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டும் உரியது அல்ல. சிறையில் இருக்கும் எல்லாருக்கும் உரியது. 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது: வாக்களிக்கத் தடை இருப்பதனால் ஒருவர் வாக்காளர் என்ற நிலையை இழந்துவிடுவதில்லை. வேட்பாளர்களின் வசதிக்காகச் சேர்த்தார்கள் என்பது உண்மையே. ஆனாலும் அதன் நிழலில் ஏழையும் நிற்கலாம். 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவோ, சிறையை ஒருவருடைய குடியிருப்பாகக் கருதக் கூடாது என்கிறது. அதாவது உள்ளே இருப்பவனின் வீடு அவனுடைய வீடுதான். அவன் பெயர் அந்த வீட்டு எண்ணின் கீழேதான் இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தும் பெயர் சேர்க்காமல் உள்ளே போனவனுக்கும், சிறையில் இருப்பது பெயர் சேர்க்கத் தடையல்ல.

2025 நவம்பர் 4 முதல் நம் புதுச்சேரிப் பகுதியிலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது உங்களுக்குத் தெரியும். வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். அந்த நாட்களில், நம் சபையைச் சேராத ஒரு தாய், மீன் விற்கிறவர், ஆலயத்துக்கு வந்தார். கையில் இரண்டு படிவங்கள். ஒன்று நிரப்பியது, ஒன்று வெறுமை. “உள்ள இருக்குறவனுக்கு ஓட்டு கெடையாதுன்னு சொல்லிட்டாங்க ஐயா. அப்புறம் அவன் பேருல வந்த இந்தத் தாளை என்ன செய்யறது? கிழிச்சுப்போடவும் மனசு வரலை” என்றார். மகன் ஏழு மாதமாக விசாரணைக் கைதி. வீட்டில் இல்லாதவருக்காக, உறவுமுறையைக் குறிப்பிட்டு, வயதுவந்த குடும்பத்தார் ஒருவர் கையெழுத்திடலாம் என்பது அந்தத் திருத்தத்தின் விதிகளிலேயே இருந்தது. யாரும் அதை அவருக்குச் சொல்லவில்லை. பழைய பட்டியலில் அந்தத் தாயின் பெயரைத் தேடி எடுக்க நம் வாலிபர் இருவருக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. கையெழுத்துக்குக் கீழே உறவுமுறை என்ற இடத்தில் ‘தாய்’ என்று எழுதக் கற்றுக்கொள்ளவும் அவருக்குச் சற்று நேரம் தேவைப்பட்டது. அதை அவரே எழுதினார். எழுதிக் கொடுக்கிறோம் என்றதற்கு மறுத்துவிட்டார்.

பெயர் விடுபட்டுப் போனால் என்ன, வெளியே வந்த பின் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். சேர்க்கலாம். ஆனால் படிவம் 6இல் விண்ணப்பதாரரே கையெழுத்திட வேண்டும், சான்றுகள் வேண்டும். சிறையிலிருந்து வரும் இளைஞன் முதல் ஆறு மாதம் வேலைக்காக அலைவான். வாக்காளர் பட்டியலுக்காக அல்ல. பெயர் போன இடத்தில், நீ இவ்வூரான் அல்ல என்ற சொல் மெல்ல வந்து உட்கார்ந்துவிடும். எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் நம் மீனவர்களின் வீடுகளிலும் இதே நிலைதான். கடலுக்குப் போனவர் வரும்வரை அவர் பேரில் வந்த தாள் அலமாரியில் கிடக்கும்.

மூன்றாவது, ஜாமீன். கைதி ஒருவர் வாக்களிக்க உதவும் நேரான வழி அவரைச் சட்டப்படி வெளியே கொண்டுவருவதே. இதை எழுதும்போதே சிலருக்கு முகம் சுருங்கும் என்று தெரியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவின்படி, முதன்முறை குற்றம் சாட்டப்பட்ட விசாரணைக் கைதி, அக்குற்றத்துக்குரிய உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதிக்காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளவருக்கும் பொருந்தாது. ஜாமீன் கிடைத்தும் பணமில்லாதவர்களுக்காக, மத்திய உள்துறை அமைச்சகம் 2023இல் ஒரு திட்டம் தொடங்கியது. விசாரணைக் கைதிக்கும், அபராதம் கட்ட இயலாத தண்டனைக் கைதிக்கும் அதில் உதவி உண்டு. போதைப்பொருள் வழக்கு போன்ற சிலவற்றுக்கு இல்லை. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். இவையெல்லாம் இருக்கின்றன. இருப்பதைச் சிறைவாசலில் நிற்கும் குடும்பத்துக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸ் காலத்தில் நாம் கிளைச்சிறைக்குக் கேக்கும் புத்தாடையும் கொண்டுபோகிறோம், இரண்டு பாட்டுப் பாடுகிறோம், ஜெபித்துத் திரும்புகிறோம். அது நல்லதே, காவலில் இருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள் என்று ஆண்டவர் சொல்வதாக மத்தேயு 25இல் வாசிக்கிறோமே. ஆனால் யோசேப்பை நினைத்துப் பாருங்கள். சிறையில் அவன் பானபாத்திரக்காரனிடம் கேட்டது உணவும் உடையும் அல்ல. பார்வோனிடத்தில் என் காரியத்தைச் சொல் என்றுதான் கேட்டான். அதிகாரம் இருக்கும் இடத்தில் தன் பெயர் உச்சரிக்கப்பட வேண்டும் என்று விரும்பினான். பானபாத்திரக்காரனோ வெளியே போனவுடன் அவனை மறந்தான். இரண்டு வருஷம் கழிந்தது.

பவுலோ பிலிப்பியில் வேறு விதமாக நடந்துகொண்டார். அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தின் பூமியதிர்ச்சியைப் பற்றி நாம் நிறையப் பாடியிருக்கிறோம். அதற்குப் பின்வரும் சில வசனங்களில் அவ்வளவாக நிற்பதில்லை. விடிந்ததும் அதிகாரிகள் ஆளனுப்பி, போய்விடலாம் என்கிறார்கள். கதவு திறந்தாயிற்று. பவுலும் சீலாவும் போயிருக்கலாம். பவுல் மறுக்கிறார். நாங்கள் ரோமக் குடிகள். விசாரணையில்லாமல் எல்லார் முன்னும் அடித்தார்கள், இப்போது இரகசியமாக அனுப்புவதா, அவர்களே வரட்டும் என்கிறார். பரலோகக் குடியிருப்பைப் பற்றிப் பின்னர் அதே பிலிப்பி சபைக்கு எழுதப்போகிறவர்தான் இவர். அப்படியிருந்தும் பூமியிலுள்ள குடியுரிமையைச் சிறைவாசலில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. அந்தப் பிடிவாதம் அவருக்காக மட்டும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். லீதியாளின் வீட்டில் கூடியிருந்த அந்தச் சிறு சபை அவ்வூரிலேயே தொடர்ந்து வாழ வேண்டியிருந்தது. சிறைச்சாலைக்காரனின் குடும்பமும் அதில் சேர்ந்திருந்தது.

ஓட்டு இல்லாத இடத்துக்கு வேட்பாளர் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேர்தல் காலத்தில் நம் குப்பங்களுக்கும் தெருக்களுக்கும் வாகனங்கள் வருகின்றன. குடிநீர், சாலை, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் என்று ஏதாவது ஒன்றைப் பேசுகிறார்கள். சிறைக்குள் மருத்துவர் வருகிறாரா, நேர்காணல் அறையில் குரல் கேட்கிறதா, வழக்கு வாய்தாவுக்கு அழைத்துப்போகக் காவலர் கிடைக்கிறார்களா என்று எந்த மேடையிலும் கேட்டதில்லை. கேட்பதனால் ஒரு வாக்கும் கூடாது.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆலய அலுவலக அறையில் நம் வாலிபர் சங்கத்தார் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் வீட்டாரின் பெயர்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் காவலில் இருந்தால் அவருடைய அடையாள அட்டை எண்ணையும், எந்தச் சிறை, என்ன வழக்கு எண் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். எல்லார் முன்பும் சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் தனியாகக் கொடுத்தாலும் போதும். வேறு சமயத்தாரான அண்டை வீட்டார் யாருக்கேனும் இந்த நிலை இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். ஆலயத்துக்குள் வரத் தயங்குகிறவர்கள் 1950 என்ற எண்ணில் தேர்தல் அலுவலகத்தைக் கேட்கலாம், அல்லது வாலிபர்கள் வீட்டுக்கே வருவார்கள். அந்த மீன் விற்கும் தாய் தம் தெருவில் இன்னும் இரண்டு குடும்பங்கள் இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேதபாட வகுப்பில் எழுந்து பேசிய சகோதரரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே நேற்றுத் தொலைபேசியில் அழைத்து, ஞாயிறு அன்று மேசை போட எத்தனை நாற்காலி வேண்டும் என்று விசாரித்தார்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்